பழைய லேத் வாங்கப் போகிறவர் முதலில் பெட்டைத் தடவிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் 'லேத் விற்பனைக்கு, நல்ல ஓட்டத்தில் உள்ளது' என்ற வரி இல்லாத வாரம் குறைவு. லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டு டூலால் கடையும் மெஷின். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கப் போகிறவர் வாயைத் திறந்து பல் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலு எட்டு நடக்க விடாமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார். அதே ஆள் கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ ஒரு லேத்தைப் பார்க்கப் போனால் ஸ்விட்ச்சைப் போட்டுச் சத்தம் கேட்கிறார், கடையும் துண்டைக் கவ்வும் சக்கைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுகிறார், 'சரிங்க, பேசிக்கலாம்' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். லேத்துக்கும் பல் உண்டு, சுழி உண்டு. அவற்றை எங்கே தேடுவது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேத் வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுப்பது இரண்டு பொருளுக்கு: பெட் (மெஷினைத் தாங்கும், மேலே தடங்கள் உள்ள நீள வார்ப்பு), ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் அச்சு). மற்றதெல்லாம் கோவையில் கிடைக்கும். மோட்டார் எரிந்தால் காயில் கட்ட ஆள் இருக்கிறது. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் நட் தேய்ந்தால் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) வார்த்து மரை வெட்டிக்கொள்ளலாம். பல் உடைந்த கியருக்குப் புதுக் கியர் ஹாபிங் போட்டுத் தர ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. சக் கடையில் வாங்கும் பொருள். பெட் குழி விழுந்துவிட்டால் கதை வேறு. மெஷினை முழுக்கக் கழற்ற வேண்டும், பெட்டை லாரியில் ஏற்றி நீளக் கிரைண்டிங் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். அரை மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தால், டூலைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் கேரேஜும் அரை மில்லிமீட்டர் இறங்கும். அதன் முன்னால் கீழே தொங்கும் கியர் பெட்டியான ஏப்ரனும் இறங்கும். மரை வெட்டக் கேரேஜை இழுக்கும் லீட் ஸ்க்ரூவும் சாதாரணக் கடைசலுக்கு அதை நகர்த்தும் ஃபீட் ராடும் பழைய உயரத்திலேயே இருக்க, ஏப்ரனை ஸ்க்ரூவோடு கோக்கும் ஹாஃப் நட் போடும்போதெல்லாம் ஸ்க்ரூ வளையும். சேடிலுக்கு (பெட்டில் உட்காரும் கேரேஜின் அடிப்பாகம்) அடியில் டர்சைட் என்ற வழுக்குப் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, ஸ்கிரேப் செய்து (கையால் சுரண்டிச் சமமாக்கி) உயரத்தை மீட்டால்தான் சரியாகும். இந்தச் செலவையும் மெஷின் நிற்கும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், மலிவு என்று வாங்கிய லேத் நல்ல லேத்தின் விலையைத் தாண்டிவிடும்.

மெஷினைத் தொடும் முன்பே ஒரு கேள்வி: இது எங்கே ஓடியது? நம் பக்கத்தில் இதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பம்ப் பட்டறையில் வார்ப்பிரும்பு கேசிங்கும் இம்பெல்லரும் கடைந்த லேத் என்றால் பெட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். வார்ப்பிரும்புத் தூள் சுருளாக வராது, மாவாக உதிரும். வார்ப்பின் மேல்தோலில் ஒட்டிய மணலும் அதோடு சேர்ந்து பெட்டில் இருக்கும் எண்ணெயில் குழைந்தால், அது வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட் மாதிரிதான். வருடக்கணக்கில் சக்குக்குப் பக்கத்து ஓரடி, ஒன்றரை அடியிலேயே அந்தப் பேஸ்ட்டின் மேல் கேரேஜ் முன்னும் பின்னும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மில்களின் மெயின்டனன்ஸ் பட்டறையிலிருந்து வரும் லேத் பெரும்பாலும் நல்லது. நாளில் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும், எண்ணெய் விட ஆள் இருந்திருக்கும். பாலிடெக்னிக், மூடிய பொறியியல் கல்லூரி இவற்றின் லேத்தில் தேய்மானம் குறைவு, அடி அதிகம். ஓடும் சக்கில் கேரேஜை இடித்தது, ஓட்டத்திலேயே கியர் மாற்றியது எல்லாம் மாணவர்கள் செய்வது. பெட்டைவிட கியரையும் ஏப்ரனையும் அங்கே கூர்ந்து பாருங்கள்.

பெயிண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பெயிண்ட் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது, நம் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு அடிக்கிற வழக்கம் உண்டு. பூஜைப் பெயிண்ட் கிரீஸ் மேலேயே வழிந்து கிடக்கும், சந்தனப் பொட்டு எங்காவது ஒட்டியிருக்கும். விற்பனைக்கு அடித்தது புட்டி வைத்துத் தேய்த்து மழமழவென்று இருக்கும். எண்ணெய் விடும் நிப்பிள், ஸ்க்ரூ தலையின் வெட்டு, பெயர்ப்பலகை எல்லாம் பெயிண்ட்டில் மூழ்கியிருந்தால் அடித்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். பெயர்ப்பலகையை நம்பிப் பயனில்லை, அது நான்கு ஆணிதான். பெட்டின் டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிரே நின்று துண்டின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) பக்க முனையில் எண் பொறித்திருக்கிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். எச்.எம்.டி., பி.எஸ்.ஜி., ஹரிஹரில் செய்த கிர்லோஸ்கர் தயாரிப்பு என்றால் விலையே தனி என்பதால் இதைச் சொல்கிறோம்.

இனி பெட். கேரேஜை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிவிட்டு, சக்குக்கு அடியில் உள்ள தடத்தை நன்றாகத் துடையுங்கள். முன்பக்க 'வி' தடத்தின் சரிவில் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். கேரேஜ் படாத ஓரத்துக்கும் படும் இடத்துக்கும் நடுவில் நகம் தட்டினால் அது தேய்மானப் படி. பிறகு பெட்டின் கடைசி முனைக்குப் போய் அதே மாதிரி இழுங்கள். அங்கே தட்டாமல் இங்கே தட்டினால் குழி சக்குப் பக்கம்தான். ஸ்கிரேப்பிங் குறியோ கிரைண்டிங் கோடோ கடைசி முனையில் தெளிவாகத் தெரிந்து, சக்குப் பக்கம் கண்ணாடியாய் மின்னினாலும் அதே பொருள்தான்.

அடுத்து கையால். சக்குப் பக்கத்திலிருந்து கடைசி வரை கேரேஜ் சக்கரத்தைச் சீராகச் சுற்றிக்கொண்டே போங்கள். சக்கடியில் லேசாக ஓடி, நடுவில் இறுகி, கடைசியில் இரண்டு கை போட்டால்தான் நகர்கிறது என்றால், தேய்ந்த இடத்தில் ஆட்டம் தெரியக்கூடாது என்று ஜிப்பையும் (இடைவெளியை அடைக்கும் பட்டை) அடித்தட்டையும் அங்கே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். தேயாத இடத்தில் அது பிடிக்கிறது. இது ஏமாற்றுக்காகவே செய்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை பார்க்கிறவரே சேட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) தாங்காமல் இறுக்கியிருக்கலாம். தகவல் மட்டும் ஒன்றுதான்: பெட் தேய்ந்திருக்கிறது. விற்கிறவர் சம்மதித்தால் ஜிப்பைக் கடைசி முனையில் சரியாகத் தளர்த்தி, மறுபடி சக்கடிக்குக் கொண்டுவந்து கேரேஜின் இரண்டு சிறகையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். குழி இருந்தால் டக் டக்கென்று தூக்கலாம்.

கையும் நகமும் சொல்வதை டயல் கேஜ் (நூறில் ஒரு மில்லிமீட்டரையும் முள்ளில் காட்டும் கருவி) எண்ணாகச் சொல்லும். கேரேஜ் ஓடும் தடமும் டெயில் ஸ்டாக் உட்காரும் தடமும் வேறு வேறு. டெயில் ஸ்டாக்கை நாளெல்லாம் யாரும் நகர்த்துவதில்லை, அதனால் அதன் தடம் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். மேக்னட் ஸ்டாண்டைச் சேடிலின் முன் சிறகில் வைத்து, டயல் முனையைச் சேடிலுக்கு இடப்பக்கம் டெயில் ஸ்டாக் தடத்தின் தட்டைப் பரப்பில் படவிடுங்கள். கடைசி முனையில் பூஜ்யம் வைத்துக்கொண்டு, 100 மி.மீ. நகர்த்தி ஒரு ரீடிங் என்று சக்கு வரை குறித்துக்கொள்ளுங்கள். கேரேஜ் குழியில் இறங்க இறங்க முள் ஏறும். 0.02, 0.03 மி.மீ. என்றால் தாராளமாக வாங்கலாம். 0.10 வந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். 0.20-ஐத் தாண்டினால் கிரைண்டிங் செலவைக் கழித்துக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் வேறு மெஷின் பாருங்கள். இந்த எல்லைகள் எங்கள் கணிப்பு. புஷ் மட்டும் கடைகிறவருக்கு இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

'0.10 மில்லிமீட்டர் இறங்கினால் என்ன, டூல்தானே கொஞ்சம் கீழே போகும்?' என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டூல் நேராகக் கீழே இறங்கினால் நஷ்டம் இல்லைதான். 50 மி.மீ. விட்டமுள்ள ஜாபில் (கடையும் துண்டு) டூல் 0.10 இறங்கினால் ஆரத்தில் வரும் வித்தியாசம் 0.0002 மி.மீ., எந்த மைக்ரோமீட்டரும் அதைக் காட்டாது. ஆனால் முன்பக்கத் தடம் மட்டும் அதிகம் தேயும்போது சேடில் நேராக இறங்காமல் நம் பக்கம் சாய்கிறது. இரண்டு தடங்களுக்கு இடையே 300 மி.மீ., சென்டர் உயரம் (பெட்டிலிருந்து ஸ்பிண்டிலின் நடு வரை) 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்தடம் 0.10 இறங்கினால் மேலே டூல் முனை 0.067 மி.மீ. வெளியே நகரும். விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.13. பேரிங் உட்காரும் ஷாஃப்ட்டில் 0.13 தடித்தால் அந்த ஷாஃப்ட் பழைய இரும்புக் கடைக்குத்தான். குழி சக்குப் பக்கம் என்பதால் ஜாப் சக்குப் பக்கம் தடித்து, வெளியே போகப் போக மெலியும்.

ஸ்பிண்டிலுக்கு வருவோம். சக்கைக் கழற்றாமல் ஸ்பிண்டிலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மூணு ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து அது ஓவலாகச் சுற்றுவதைப் பார்த்து 'ஸ்பிண்டில் போச்சு' என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. போனது சக். பழைய சக்கில் 0.10 ஓட்டம் (மையம் விலகிச் சுற்றுவது) இருப்பது சாதாரணம், ஜாவின் வாய் மணி மாதிரி விரிந்திருந்தால் இன்னும் அதிகம் காட்டும். கழற்றி, ஸ்பிண்டில் வாயின் உள்டேப்பரை (உள்ளே போகப் போகக் குறுகும் துளை) துணியால் துடைத்து, டயல் முனையை டேப்பருக்குள் வைத்து, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். 0.01-க்குள் இருக்க வேண்டும். டெஸ்ட் மாண்ட்ரல் (துல்லியமான சோதனைத் தண்டு) கிடைத்தால் அதைப் பொருத்தி 300 மி.மீ. தள்ளியும் பாருங்கள், அங்கே 0.02 வரை போகலாம். இந்த அளவுகள் 1927-இல் பெர்லின் பேராசிரியர் ஷ்லெசிங்கர் தொகுத்த சோதனை முறையின் வழியில் வந்தவை. இன்று ஐ.எஸ்.ஓ. 1708 என்ற சர்வதேசத் தரத்தின் பெயரில் இருக்கின்றன. புது லேத்துக்கான அளவுகள் என்பதால் பழையதில் சற்று மீறினால் பதற வேண்டாம்.

ஓட்டம் வேறு, ஆட்டம் வேறு. ஆட்டத்துக்கு சக்கை மறுபடி மாட்டி, அதில் கனமான கம்பியைப் பிடித்து, சக்குக்கு அடியில் மரக்கட்டை வைத்து நெம்புங்கள். டயல் சக்கின் மேல்புறத்தில் இருக்கட்டும். முள் 0.01, 0.02 ஏறி, விட்டதும் பூஜ்யத்துக்கு வந்தால் அது இரும்பின் நெகிழ்வு. ஏறிய இடத்திலேயே நின்றால், அல்லது 0.05-க்கு மேல் போனால், பேரிங்கில் இடைவெளி இருக்கிறது. முன்னும் பின்னும் தள்ளியும் பாருங்கள். நீளவாக்கில் 0.01-க்கு மேல் ஆடும் ஸ்பிண்டிலில் மரை வெட்டினால் புரி தவறும், ஃபேசிங் போட்டால் (முனையைக் குறுக்கே தட்டையாக வெட்டினால்) முகம் அலையடிக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம். டேப்பர் ரோலர் பேரிங் போட்ட ஸ்பிண்டிலில் பின்பக்க நட்டை இறுக்கிவிட்டால் எந்த ஆட்டமும் தெரியாது. முதல் பத்து நிமிடம் பட்டு மாதிரி ஓடும். அதனால் அதிக வேகத்தில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். டீ குடித்துவிட்டு வந்து முன்பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தால் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிய வேண்டும். வைத்ததும் இழுத்துக்கொண்டால் நட் இறுகியிருக்கிறது, அல்லது பேரிங் புள்ளி விழுந்திருக்கிறது. பேரிங் மாற்றலாம், உலகம் அழிந்துவிடாது. விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவே. ரோலர் இல்லாமல் கன்மெட்டல் புஷ்ஷில் ஓடும் பழைய பெல்ட் லேத் என்றால் இந்த அரை மணிச் சோதனையைச் செய்யாதீர்கள். எண்ணெய்த் திரி காய்ந்திருந்தால் நீங்களே அதைக் கெடுத்தவராகி விடுவீர்கள். புஷ்ஷை ஸ்கிரேப் செய்யலாம், புதிதாக வார்க்கலாம். ஸ்பிண்டிலின் ஜர்னலே (புஷ்ஷுக்குள் சுழலும் பகுதி) கோடு கோடாகக் கீறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹெட் ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டி) கியர்களைக் காதும் கண்ணும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். எல்லா வேகத்திலும், முன்னும் பின்னும், ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றால் ஒரு பல் போயிருக்கிறது. பொதுவான இரைச்சல் வயதின் சத்தம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. வழக்கத்துக்கு மாறாக மௌனமாக ஓடினால்தான் சந்தேகம் வர வேண்டும், கெட்டி கிரீஸோ மரத்தூளோ போட்டு இரைச்சலை அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடி பிளக்கைத் திறந்து ஒரு கரண்டி எண்ணெயை வெள்ளைத் தாளில் ஊற்றிப் பாருங்கள். தங்கத் துகள் மின்னினால் எங்கோ கன்மெட்டல் தேய்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மல்ட்டி பிளேட் கிளட்ச் உள்ள மெஷினில் ஆழமாக 3 மி.மீ. கட் கொடுத்து இழுங்கள். மோட்டார் ஓடியபடியே ஸ்பிண்டில் மட்டும் நின்றால் பிளேட் தேய்ந்துவிட்டது.

லீட் ஸ்க்ரூவை வேலைக்கு ஏற்பப் பாருங்கள். புஷ்ஷும் பின்னும் கடைவதுதான் தொழில் என்றால் அதை மறந்துவிடலாம். மரை வெட்டுகிறவருக்கு அதுதான் உயிர். ஹாஃப் நட்டைப் போட்டு, கேரேஜ் சக்கரத்தை இருபுறமும் அசைத்து, எவ்வளவு ஆடுகிறது என்று டயலில் பாருங்கள். சக்குப் பக்கம் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஆடினால் தேய்ந்தது ஹாஃப் நட் மட்டுமே, அது சின்னச் செலவு. சக்குப் பக்கம் 0.5, கடைசியில் 0.1 என்றால் ஸ்க்ரூவே மெலிந்திருக்கிறது, நீள மரையில் புரி வித்தியாசம் வரும். ஃபீட் ராடு இல்லாமல் லீட் ஸ்க்ரூவாலேயே ஃபீடும் ஓடும் சிறிய லேத்துகளில் இது சீக்கிரமே வரும்.

ஸ்க்ரூ இஞ்சா, மில்லியா என்றும் கேளுங்கள். இஞ்சுக்கு 4 புரி உள்ளதும் இருக்கிறது, 6 மி.மீ. பிட்ச் உள்ளதும் இருக்கிறது. இஞ்சு ஸ்க்ரூவில் மில்லி மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஐந்து இஞ்சு 127 மி.மீ. என்பதுதான் அந்த எண்ணின் ரகசியம். சேஞ்ச் கியர் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள், முதலில் தொலைவது அந்தப் பெரிய கியர்தான். கூடவே வர வேண்டிய ஸ்டெடி, ஃபேஸ் பிளேட், நாலு ஜா சக், சாவிகள் என்று விலை பேசும்போது 'எல்லாம் இருக்குங்க' என்பார்கள். 'எல்லாம்' லாரி ஏறும் நாளில் பாதியாகிவிடும். பேசிய அன்றே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கிராஸ் ஸ்லைடில் கால் சுற்று வெற்றாகச் சுழல்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். அதுவே குறை ஆகாது, எப்போதும் ஒரே பக்கமிருந்து கொண்டுவந்தால் வேலை நடக்கும். நடுவில் லூஸாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால் மட்டும் ஸ்க்ரூ மாற்றும் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெயில் ஸ்டாக்குக்கு ஒரு பழைய வித்தை போதும். ஹெட்டில் ஒரு சென்டர் (கூர்முனைத் தண்டு), டெயிலில் ஒரு சென்டர் போட்டு, இரண்டு முனைக்கும் நடுவில் ஆறு இஞ்சு ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடியுங்கள். முனைகள் நேர் என்றால் ஸ்கேல் செங்குத்தாக நிற்கும், மேலும் கீழுமாக இருந்தால் சாயும். அடி தேய்ந்து டெயில் ஸ்டாக் தாழ்ந்திருப்பது சகஜம், தகடு வைத்து உயர்த்தலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் செட் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்.

இத்தனைக்கும் மேல் கடைசித் தீர்ப்பு ஒரு துண்டுக் கம்பியிடம் இருக்கிறது. சுமார் 50 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) கம்பி ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். டெயில் ஸ்டாக் கொடுக்காமல் 200 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, சக்கடியில் ஒன்று, நடுவில் ஒன்று, முனையில் ஒன்று என மூன்று வளையம் மட்டும் தடிப்பாக விட்டு, இடையில் உள்ளதைக் குறைத்துவிடுங்கள். கூர் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் 0.1 மி.மீ. கட், மெல்லிய ஃபீட், டூலைத் தொடாமல் மூன்று வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் அளந்தால் மூன்றும் 0.02-க்குள் இருந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். கம்பி மெலிதாக இருந்தாலோ கட் ஆழமானாலோ முனை வளைந்துகொடுத்துத் தடிப்பாக வரும், அதற்கு லேத்தைக் குறை சொல்லக்கூடாது.

வித்தியாசம் வந்தாலும் உடனே கைவிடாதீர்கள். குடோனில் நாலு செங்கல் மேல் நிறுத்திய லேத்தில் பெட்டே முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு பிரிவுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலை பெட்டின் குறுக்கே சக்குப் பக்கமும் கடைசியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி காட்ட வேண்டும், குமிழி நடுவில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. ஆடும் கப்பலிலும் லேத் ஓடுகிறது, முறுக்கு இல்லாததுதான் முக்கியம். லெவல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி காட்டும்படி கடைசிக் கால் ஒன்றின் அடியில் தகடு வைத்து மறுபடி கடைந்தால் வித்தியாசம் மறைகிறதா? அப்படியென்றால் அது முறுக்கு, உங்கள் பட்டறையில் ஃபவுண்டேஷன் போட்டதும் சரியாகிவிடும். மறையவே இல்லை, மூன்று வளையமும் ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகின்றன என்றால் ஹெட் ஸ்டாக் திரும்பியிருக்கிறது, அதையும் திருத்தலாம். நடு வளையம் மற்ற இரண்டின் வரிசையில் சேராமல் தனியாக நின்றால்தான் குழி. நடு வளையத்தை வைக்கச் சொன்னது இதற்காக.

ஃபேசிங்குக்கு 200 மி.மீ. வார்ப்புத் தட்டு ஒன்றில் முகம் தள்ளிப் பாருங்கள். முகம் தட்டையாகவோ நடுவில் நூலிழை குழிந்தோ இருக்கலாம், நடு மேடாகக் கூடாது. மேடான முகத்தோடு மற்றொரு முகம் பொருந்தாது, ஆடும். டயலை டூல் போஸ்டில் வைத்து, டூல் வெட்டி வந்த பாதியிலேயே ஓட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் வெட்டிய பாதையில்தான் டயலும் போகிறது. நடுவைத் தாண்டி எதிர்ப் பாதியில் ஓட்டுங்கள், பிழை இரட்டிப்பாகத் தெரியும். கடைசியாக 25 மி.மீ. கம்பியில் பார்ட்டிங் போடுங்கள். சேட்டர் அடிக்காமல் துண்டித்தால் ஸ்பிண்டிலும் ஸ்லைடும் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன.

கரண்ட் கொடுக்காத மெஷினை இப்படிச் சோதிக்க முடியாது. 'உங்க பட்டறைக்குப் போய் ஓட்டிப் பாத்துக்கங்க' என்றால், ஓட்டிப் பார்த்த பின் பாதிப் பணம் என்று பேசுங்கள், இல்லையென்றால் ஓடாத மெஷினின் விலைக்குக் கேளுங்கள்.

வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். சந்தேகமான இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக் பொடியைத் தேயுங்கள். விரிசலில் புகுந்த எண்ணெய் கோடாக வெளியே ஊறும். ஹெட் ஸ்டாக்கின் அடி, ஏப்ரனின் முகம், டாப் ஸ்லைடின் டி-பள்ளம், டெயில் ஸ்டாக்கின் பிடிமானம், இவைதான் உடையும் இடங்கள். கேப் பெட் (பெரிய ஜாப் சுற்ற, சக்கடியில் ஒரு துண்டைக் கழற்றக்கூடிய பெட்) என்றால் கேப் துண்டு இருக்கிறதா, அது அதே மெஷினின் துண்டா என்று சேரும் இடத்தில் நகம் வைத்துப் பாருங்கள். வேறு மெஷினின் துண்டைப் போட்டால் கேரேஜ் அங்கே ஏறி இறங்கும்.

சக்கடித் துருவுக்கு நம் ஊர்க் காரணம் ஒன்று உண்டு. சிறுவாணித் தண்ணீரில் கலந்தால் கூலண்ட் ஆயில் பாலாக நிற்கும். போர்வெல் சப்பத் தண்ணியில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், வெறும் உப்புத் தண்ணீர் பெட்டின் மேல் வழியும். மேலோட்டமான பழுப்பைத் துணியால் எடுத்துவிடலாம், புள்ளிக் குழி விழுந்த துருவை எடுக்க முடியாது.

அளவு பொருந்துகிறதா என்பதையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் போடும் வண்டிகளின் வேலை எடுப்பவர் 76, 89 மி.மீ. ராடுகளின் முனையில் மரை வெட்ட வேண்டும். ஸ்பிண்டில் துளை 50 மில்லிக்குச் சற்று மேல் உள்ள லேத்தில் அந்த ராடு நுழையவே நுழையாது, எவ்வளவு நல்ல லேத் ஆனாலும் அவருக்கு ஆகாது. சோமனூர், பல்லடம் விசைத்தறி உதிரிக்குத் துளை சிறியதானாலும் பரவாயில்லை, சென்டருக்குச் சென்டர் நீளம் வேண்டும்.

விற்பவர் மெஷின் மேல் வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அது வங்கிக்கு அடமானம். கடன் முடிந்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் என்றால் 18 சதவீத வரியோடு பில் போடச் சொல்லுங்கள், நீங்களும் பதிவு செய்தவர் என்றால் அந்த வரி உங்கள் கணக்கில் திரும்பும். வங்கி ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள், எடுத்த பின் பேச்சே கிடையாது. பார்வையிட ஒதுக்கிய நாளில் டயலோடு போங்கள். ஓட்டிக் காட்டவும் பெரும்பாலும் மாட்டார்கள், அதனால் பெட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் சொன்ன கைச் சோதனைகள்தான் அங்கே துணை.

ஏற்றும் நாளில் நல்ல லேத்தும் கெட்டுவிடலாம். கனம் முழுக்க ஹெட் ஸ்டாக் பக்கம் என்பதால் கேரேஜையும் டெயில் ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளிப் பூட்டினால்தான் தூக்கும்போது சமநிலை வரும். பெல்ட்டை பெட்டைச் சுற்றிப் போட்டு, லீட் ஸ்க்ரூ மேல் அழுத்தாதபடி மரக்கட்டை கொடுக்க வேண்டும். ஸ்பிண்டிலிலோ சக்கிலோ சங்கிலி மாட்டித் தூக்கும் கிரேன்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் பார்த்து வாங்கிய பேரிங் அரை நிமிடத்தில் போய்விடும்.

விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நல்ல ஓட்டத்தில் உள்ளது' என்ற வரிக்குப் பதில் பெட் நீளம், சென்டர் உயரம், ஸ்பிண்டில் துளை, லீட் ஸ்க்ரூ இஞ்சா மில்லியா, நேரில் ஓட்டிப் பார்க்க கரண்ட் இருக்கிறதா என்ற ஐந்தையும் போடுங்கள். தாங்களும் விளம்பரப் படிவத்தில் இவற்றுக்கு இடம் ஒதுக்கினால், திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து ஸ்பிண்டில் துளையைப் பார்த்த உடனேயே திரும்பிப் போகிறவருக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்கள் சிலர்,
கணபதி, கோயம்புத்தூர்.